சுரங்களை அச்சேற்றிய கதை

மேனாட்டு இசை ஏட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? இணையான ஐந்து கோடுகள்; அவற்றின் மேலும் இடையிலும் கறுப்பும் வெள்ளையுமாய்ப் புள்ளிகள். புள்ளி நிற்கும் உயரம் சுரத்தைக் காட்டும். அதன் வடிவம் கால அளவைக் காட்டும். சொற்களை அச்சிடுவதைவிட இதை அச்சிடுவது கடினம். கோட்டின்மேல் புள்ளி சரியாகப் படிய வேண்டும் அல்லவா?

1501-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் ஒட்டாவியானோ பெட்ருச்சி என்பவர், தனித்தனி அச்செழுத்துக்களைக் கோத்து, பலகுரல் இசை நூல் ஒன்றை முதன்முதலாக அச்சிட்டார். கோடுகளுக்கு ஒரு முறை, சுரங்களுக்கு ஒரு முறை என ஒரே தாளை மீண்டும் மீண்டும் அச்சிட வேண்டியிருந்தது. தாள் சிறிது நகர்ந்தாலும் சுரமே மாறிவிடும்! பின்னாளில் உலோகத் தகட்டில் குறிகளை இடவலம் மாற்றிப் பொறிக்கும் முறை பரவியது. ஒரு பக்கத்திற்கே பல மணி நேரம் பிடிக்கும் வேலை அது.

இவ்வேலையைக் கணிப்பொறிக்குக் கற்பித்த முன்னோடிகளுள் ஒருவர், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லேலண்ட் ஸ்மித். அவர் படைத்த மென்பொருள் ‘ஸ்கோர்’. 1988-இல் ‘ஃபினாலே’ வந்தது. 1993-இல் பிரிட்டனின் இரட்டையர்களான ஃபின் சகோதரர்கள் ‘சிபீலியஸ்’ மென்பொருளை வெளியிட்டனர்.

இவை செய்யும் விந்தைதான் என்ன? கணிப்பொறி சுரத்தைப் படமாக மட்டும் நினைவில் வைப்பதில்லை; அதன் உயரத்தையும் கால அளவையும் எண்களாகக் குறித்துக்கொள்கிறது. ஆகவே, பாட்டு முழுவதையும் வேறு சுருதிக்கு மாற்ற ஒரே கட்டளை போதும். இடையில் புதிதாக ஒரு வரி சேர்த்தால், பக்கம் முழுவதும் தானே ஒழுங்குபடும்.

ஆனால் ஓர் இடர்ப்பாடு. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கே உரிய முறையில் கோப்பைச் சேமித்தது. 2024 ஆகஸ்டில், ஃபினாலேயை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று அதன் நிறுவனமே அறிவித்தது. பல்லாண்டு உழைப்பை அதில் சேர்த்து வைத்திருந்த இசைஞர்கள் திகைத்தனர். அவர்களுக்குக் கைகொடுத்தது, மைக்கேல் குட் வடிவமைத்து 2004-இல் முதற்பதிப்பாக வெளிவந்த ‘மியூசிக் எக்ஸ்எம்எல்’ என்னும் பொது வடிவம். பல மென்பொருள்கள் அதைப் படிக்கும். எனினும் பக்க அமைப்பு சிறிது கலையக்கூடும்.

பெட்ருச்சியின் தாளைப் படிக்கக் கண்ணும் பயிற்சியும் போதும். பூட்டிய கோப்பைப் படிக்கவோ, பூட்டியவரின் சாவியே வேண்டும். இசையை எழுதி வைப்பது எதற்காக? வருங்காலத்தார் பாடுவதற்காக அன்றோ! எழுதும் கருவி மாறலாம். எழுத்து எல்லோருக்கும் பொதுவாய் இருக்க வேண்டும்.