கண்டி மலைநாட்டில் விலங்குப் பாதுகாப்பும் ஏழைச் சிறார் கல்வியும்

கண்டி மாநகரில் தலதா மாளிகைக்குப் பின்னே உயர்ந்து நிற்பது உடவத்தகலை என்னும் காடு. மன்னர் காலத்தில் அஃது அரண்மனைக்குரிய காவற்காடு. குடிமக்கள் அதனுட் புகுதல் விலக்கப்பட்டிருந்தது. பிரித்தானியர் 1856ஆம் ஆண்டில் அதனை ஒதுக்கக் காடாக்கினர். 1938இல் அது விலங்குப் புகலிடமாயிற்று. ஆட்சிகள் மாறினும், காடு என்பது மேலோரால் விலக்கப்பட்ட இடம் என்னும் எண்ணம் எளிய மக்களிடத்தே எளிதில் மாறவில்லை. அருகிவரும் விலங்குகளைப் பேணும் பண்பினை ஏழைச் சிறாரிடத்தே வளர்ப்பது எங்ஙனம் என ஆராய்வோர், முதற்கண் இவ்விலக்கின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

கண்டி மன்னர் ஆட்சியில் யானை அரசுடைமை. அரச ஆணையின்றி அதனைக் கொல்லுதல் பெருங்குற்றம். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் நிலை தலைகீழாயிற்று. யானையைக் கொன்றார்க்கு அரசாங்கமே பரிசு வழங்கியது. 1848க்கு முன்னர் மூன்றாண்டும் நிரம்பாத காலத்துள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000 யானைகளும் கொல்லப்பட்டனவென எமர்சன் தெனன்ட் தம் நூலிற் குறித்துள்ளார். மலைநாட்டில் அதிகாரியாயிருந்த மேஜர் உரோஜர்ஸ் என்பார் ஒருவரே 1,400 யானைகளுக்கு மேற் சுட்டு வீழ்த்தினார் என்பர். இதே காலத்திற் கோப்பிச் செய்கைக்காகவும், பின்னர்த் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் கால்நடையாய் வந்த தென்னிந்தியத் தமிழரும் அவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். காட்டை வெட்டிய கைகளில் அவர்தம் கைகளும் இருந்தன. வெட்டியதனால் விளைந்த செல்வமோ அவர்தம் கைக்கு வந்திலது.

அழிவு மிகுந்தபோது காவல் எழுந்தது. யானை முதலியவற்றை வகைதொகையின்றிக் கொல்லுவதைத் தடுக்கும் சட்டம் 1891இல் இயற்றப்பட்டது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. அதனை அமைத்தோர் பெரும்பாலும் தோட்டத் துரைமாரும் வேட்டை விருப்புடையோருமே. வேட்டைக்கு விலங்குகள் எஞ்சுதல் வேண்டும் என்பதே அவர்தம் தொடக்க நோக்கம். எனினும் அவர் முயற்சி நற்பயன் விளைத்தமையை மறுத்தலாகாது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்குப் பாதுகாப்புச் சட்டமும், யால, வில்பத்து ஆகிய தேசியப் பூங்காக்களும், 1949இல் உருவான வனசீவராசிகள் திணைக்களமும் அவ்வழியில் வந்தனவே. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. துப்பாக்கி ஏந்தியவன் விளையாட்டு வீரன் எனப்பட்டான்; வயிற்றுக்காகக் கம்பிச் சுருக்கு வைத்தவன் குற்றவாளி எனப்பட்டான். ஏழைக்குச் சட்டம் தண்டனையாகவே அறிமுகமாயிற்று, அறிவாக அறிமுகமாகவில்லை.

அறிவாக அறிமுகஞ் செய்யவேண்டிய பள்ளியும் பிந்தியே வந்தது. தோட்டப் பிள்ளைகளின் கல்வி நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. ஒரே ஆசிரியர், ஒரே அறை, சில மணிநேரப் பாடம் என்பதே பல தோட்டப் பள்ளிகளின் நிலை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தும், தோட்டப் பள்ளிகளை அரசு பரவலாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேதான். தெகிவளை விலங்குக் காட்சிச்சாலையில் 1972இல் இளம் விலங்கியலாளர் சங்கம் தோன்றி மாணவரைப் பயிற்றியது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை பாடசாலைகளிற் சுற்றாடல் முன்னோடி மாணவர் அணிகளை அமைத்தது. இவை போற்றத்தக்கனவே. எனினும் அந்தனை மலைத் தோட்டத்து லயத்தில் வாழும் சிறுவனுக்குத் தெகிவளை தொலைவு. அவனது வீட்டுக் கொல்லைக்குப் பின்னுள்ள காடோ அண்மை. அவனுக்குரிய கல்வி அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.

அக்கொல்லையிலேதான் சிக்கலும் உள்ளது. லயத்து மக்கள் இடும் மரக்கறிப் பாத்திகளைக் காட்டுப்பன்றி ஓரிரவில் உழுது பாழாக்கும். அதற்கெனவும், இறைச்சிக்கெனவும் வைக்கப்படும் சுருக்கில், தேயிலைச் செடிகளிடையே இரவில் உலவும் சிறுத்தை அகப்படுகின்றது. கண்டிக்குத் தெற்கே, சிவனொளிபாத மலைச்சாரலில் நல்லதண்ணிக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் மரக்கறிப் பாத்தியில், 2020 மே மாதத்தில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இவ்வாறு அகப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவஞ் செய்தும் சில நாள்களில் இறந்தது. இலங்கைக்கே உரிய இச்சிறுத்தைக் கிளையினத்தில் வளர்ந்தவை ஆயிரத்திற்குங் குறைவென மதிப்பிடப்படுகின்றது.

பசித்தவனுக்கு விலங்கின்பால் அன்பு எங்ஙனம் தோன்றும் எனச் சிலர் வினவுவர். வினா நேரியதே, ஆயின் அதனுள் ஒரு பிழையான துணிபு உண்டு. அன்பு செல்வர்க்கே உரியது என்பதே அது. மலைத்தோட்டச் சிறுவன் விலங்கை அறியாதவன் அல்லன். பன்றி வந்த தடத்தையும் மரையின் குளம்படியையும் அவன் காட்ட வல்லவன். சிறுத்தை பன்றியையும் மரையையும் மானையும் இரையாக்குவதனால் பாத்திக்குத் துணையாவது என்பதை மட்டும் அவனுக்கு ஒருவரும் எடுத்துரைத்திலர். அதனை உரைத்தல் ஆசிரியர் கடன். பாத்திக்கு உறுதியான வேலி அமைத்துக் கொடுத்தல் தோட்ட நிருவாகத்தின் கடன், அரசின் கடனுமாம். பின்னதைச் செய்யாது முன்னதை மட்டும் உரைத்தால் அவ்வுரை பிள்ளையின் செவியில் ஏறாது.

மற்றுமொன்று. சுருக்கு வைத்த தந்தையைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாகப் பிள்ளையை ஆக்குவது கல்வியன்று. அது வீட்டையும் பள்ளியையும் பகையாக்கும். பள்ளியை மீண்டும் பழைய விலக்கின் காவலாளியாக்கும். பிள்ளை அறிந்ததை வீட்டிலே விரும்பிச் சொல்லும் நிலையே நாம் நாடத்தக்கது.

திருவள்ளுவர் கொல்லாமை அதிகாரத்தில், உணவைப் பகுத்துண்ணுதலை முன்வைத்துப் பல்லுயிரைக் காத்தலை அதனோடு சேர்த்தே கூறினார். கண்டி மலைநாட்டு வரலாறும் அவ்வொழுங்கையே வற்புறுத்துகின்றது. மன்னரும் துரைமாரும் அரசும் மாறிமாறி விலக்கிய காட்டை, எஞ்சியுள்ள விலங்குகளோடு, ஏழைப் பிள்ளை தனதென்று கருதும் நாளிலேயே காவல் நிலைபெறும். அந்நாளை விரைவிற் கொணர்தல் மலைநாட்டுப் பள்ளிகளின் பணியாகும்.