சமவெளியின் சைக்கிள் காலம்

பழமலை எனப் பெயர் பெற்றிருந்தும் மணிமுத்தாற்றின் சமதரையில் அமைந்த விருத்தாசலம் போன்ற ஊர்களில், மேடேறும் சிரமம் இல்லாததால், சைக்கிள் உழைப்பவரின் வாகனமாக எளிதில் வேரூன்றியது. 1949இல் முருகப்பா குழுமம் பிரிட்டிஷ் நிறுவனமொன்றுடன் இணைந்து அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை உள்நாட்டு உற்பத்தியைப் பெருக்கியபோதும், சொந்தமாக வாங்க இயலாதோருக்கு மணிக்கணக்கில் வண்டி தந்த வாடகைக் கடைகளே கைகொடுத்தன. மட்கார்டில் எண் எழுதிய அவ்வண்டிகளில்தான், குறுக்குக் கம்பிக்கு அடியே காலை நுழைத்து மிதிக்கும் 'குரங்குப் பெடல்' முறையில் சிறுவர்கள் ஓட்டப் பழகினர்.

பெண்களுக்கு இவ்வாய்ப்பு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், அதாவது முதியோருக்கு எழுத்தறிவூட்டும் மக்கள் இயக்கம், தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண் தொண்டர்களுக்குச் சைக்கிள் பயிற்சியையும் அதில் சேர்த்தார்; கல் குவாரித் தொழிலாளர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர் எனப் பலரும் கேலிப்பேச்சைப் பொருட்படுத்தாமல் ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியை எடுத்துக்கொண்ட சிலர், அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அதையே விரும்பினர் என்பது, வடிவமைத்தோர் எண்ணியிராத பயன். 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் பேரணியாகச் சைக்கிளில் சென்றனர். பின்னர் 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கெனத் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளின் பிற மேல்நிலை மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது.