விளையும் பயிரும் முளையும்

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்பது நம் முன்னோர் மொழி. இளைஞன் ஒருவன் ஏதேனுமொரு துறையில் சிறிது ஒளி காட்டிவிட்டால் போதும். இப்பழமொழியைச் சொல்லி அவனுக்கு மாலை சூட்டி மகிழ்வது நம் வழக்கம். ஆனால், முளையில் தெரிந்த பயிர்கள் எல்லாம் விளைந்து களத்துமேட்டுக்கு வந்து சேர்ந்தனவா என்று பின்னர் எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பழமொழி முளையைப் பற்றிக் கூறிற்று. முளைக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. அவ்விடைக்காலத்தின் வரலாற்றை, நம் நாட்டின் ஹாக்கி ஆட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இங்குச் சிறிது ஆராய்வோம்.

இடைக்காலத்தின் அருமையை மலாக்கா மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் மலாக்காவைச் சேர்ந்த புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். அதனைத் தொடர்ந்து புக்கிட் அசஹானிலும் பிற இடங்களிலும் காடுகள் தோட்டங்களாயின. நம் மக்கள் கப்பலேறி வந்து அவற்றில் உழைத்தனர். கன்று நட்டபின் பால் வெட்டுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது லயத்துச் சிறுவனும் அறிந்த செய்தி. அங்கும் வயதை மட்டும் பார்ப்பதில்லை. அடிமரத்தின் சுற்றளவை அளந்து, ஏறத்தாழ இருபது அங்குலம் வந்த பின்னரே கத்தி வைப்பர். முந்திக் கத்தி வைத்தால் மரம் நலியும். களையெடுக்காமல் விட்டால் வளராது. மரத்துக்கு நாம் கொடுத்த இப்பொறுமையை மனிதக் கன்றுகளுக்குக் கொடுத்தோமா என்பதே கேள்வி.

பழைய நாற்றங்கால்

ஹாக்கி ஆட்டம் ஆங்கிலேயருடன் மலாயாவுக்கு வந்தது. நகரத்து ஆங்கிலப் பள்ளிகளின் திடல்களும், அரசாங்க அலுவலர் கூடிய மன்றங்களுமே அதன் முதல் நாற்றங்கால்கள். மலாக்காவில் 1826-இல் தோன்றிய மலாக்கா உயர்நிலைப் பள்ளியும், 1880-இல் தோன்றிய செயின்ட் பிரான்சிஸ் பள்ளியும் அத்தகைய நகரத்துப் பள்ளிகள். தோட்டப்புறத்துப் பிள்ளைக்கோ காற்பந்தே நெருங்கிய ஆட்டம். ஒரு பந்து இருந்தால் இருபது பேர் ஆடலாம். ஹாக்கியிலோ ஆளுக்கொரு மட்டை வேண்டும், சமமான திடல் வேண்டும், ஆட்டத்தின் நெளிவு சுளிவுகளைச் சொல்லித்தர ஓர் ஆசிரியரும் வேண்டும். ஆகவே, திறமை தோட்டத்தில் இருந்தாலும் மட்டை நகரத்தில் இருந்தது.

அந்நகரத் திடல்களிலிருந்து எழுந்த தமிழர் பலர். 1956-இல் மெல்பர்ன் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் மலாயா முதன்முறையாக ஹாக்கி ஆடி ஒன்பதாம் இடம் பெற்றது. அந்த அணியில் செல்வநாயகம், நடராஜா, சண்முகநாதன் முதலிய பெயர்களைக் காண்கிறோம். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் மலாயா வெண்கலப் பதக்கம் கொண்டது. 1972-இல் மியூனிக்கில் மலேசியாவுக்கு எட்டாம் இடம். 1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் நம் அணி நான்காம் இடம் வரை சென்றது. அவ்வணிக்குத் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். மகேந்திரன், பத்மராஜன், பாலசிங்கம் ஆகியோரும் உடன் ஆடினர். பயிற்றுநர், முன்னாள் கோல் காவலராகிய ஹோ கோ சாய். அரையிறுதியில் இந்தியாவை எதிர்த்து இரண்டுக்கு ஒன்று என முன்னின்ற நம்மவர், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது அஸ்லம் ஷேர் கான் அடித்த கோலால் சமனாகி, கூடுதல் நேரத்தில் மூன்றுக்கு இரண்டு எனத் தோற்றனர். அந்த இந்திய அணியே பின்னர்க் கிண்ணத்தை வென்றது.

இங்குக் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்று உண்டு. 1956-க்கும் 1975-க்கும் இடையே 19 ஆண்டுகள் உள்ளன. நான்காம் இடம் ஒரே நாளில் வந்ததன்று. பள்ளி, மன்றம், மாநிலம், நாடு என்று படிப்படியாக இளைஞரை ஏற்றிவிட்ட ஏணி ஒன்று இருந்தது. மெல்பர்னில் தொடங்கியது கோலாலம்பூரில் பழுத்தது.

திடல் மாறியது

1976-இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்தளத்தில் ஆடப்பட்டது. முந்திய ஆண்டு உலகக் கிண்ணம் வென்ற இந்தியா அங்கு ஏழாம் இடத்துக்கு இறங்கியது. இயற்கைப் புல்லில் பந்து துள்ளும், தயங்கும். கைத்திறனுக்கு அங்கே மதிப்பு மிகுதி. செயற்கைத் தளத்திலோ பந்து வழுக்கி விரையும். வேகமும் உடல்வலிமையும் முன்னின்றன. அதைவிடப் பெரிய மாற்றம் செலவைப் பற்றியது. புல் திடலைத் தலைமையாசிரியர் ஒருவர் மாணவரைக் கொண்டே செப்பனிட்டுவிடலாம். செயற்கைத் தளத்தை அமைக்க அரசாங்கமோ பெரிய நிறுவனமோ வேண்டும்.

ஆகவே நாற்றங்காலும் இடம் பெயர்ந்தது. 1987-இல் மலேசிய ஹாக்கி லீக் தொடங்கியது. 1996-இல் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி எழுந்தது. பதின்மூன்று வயதில் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் சிறுவரைத் தேர்ந்து, விடுதியில் வைத்து, கல்வியும் ஆட்டமும் சேர்த்துக் கற்பிக்கும் முறை வந்தது. தெனாகா நேஷனல் மின்சார நிறுவனத்தின் ஆதரவில் மாணவர் அணி ஒன்று ‘தண்டர்போல்ட்ஸ்’ என்ற பெயருடன் இளையோர் லீக்கில் இறங்கியது. பழைய ஏணி பல ஊர்களில் பரந்து நின்றது. புதிய ஏணி சில இடங்களில் உயர்ந்து நின்றது.

இதே காலத்தில் தோட்டப்புறமும் கலைந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடலும், பின்னர்ச் செம்பனையும் நகர வளர்ச்சியும் குடும்பங்களை இடம்பெயரச் செய்தன. லயங்களோடு லயத்துத் திடல்களும் மறைந்தன. ஆக, புதிய ஏணி எழுந்த வேளையில் நம் பிள்ளைகளில் பலர் காலூன்ற ஒரு திடலும் இன்றி நகரோரங்களில் குடியேறிக்கொண்டிருந்தனர்.

மலாக்காவில் வென்ற கன்றுகள்

புதிய நாற்றங்காலின் பயனை மலாக்கா கண்ணாரக் கண்டது 2012-ஆம் ஆண்டு மே மாதத்தில். ஆசிய இளையோர் கிண்ணப் போட்டி அவ்வாண்டு மலாக்கா நகரில் நடந்தது. அதுவரை பாக்கிஸ்தான், தென்கொரியா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளே மாறி மாறி வென்றிருந்த அக்கிண்ணத்தை மலேசிய இளைஞர் முதன்முறையாகக் கைப்பற்றினர். அதற்கு முந்திய ஆண்டில் தொடங்கிய சுல்தான் ஜொகூர் கிண்ணத்தின் முதற் போட்டியிலும் மலேசிய இளையோரே வென்றிருந்தனர். 2013 டிசம்பரில் புதுடில்லியில் நடந்த இளையோர் உலகக் கிண்ணத்தில், தர்மராஜ் என்னும் தமிழர் பயிற்சியளித்த அணி நான்காம் இடம் பெற்றது. முளை நன்றாகவே தெரிந்தது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது என்ன? 2014-இல் ஹாலந்தின் ஹேக் நகரில் நடந்த பெரியோர் உலகக் கிண்ணத்தில் மலேசியா பன்னிரண்டு நாடுகளுள் பன்னிரண்டாவதாக வந்தது! இளையோரில் நான்காம் இடம், பெரியோரில் கடைசி இடம். இடையே ஓராண்டுகூட இல்லை. இளையோர் வென்ற வேகத்தில் பெரியோரும் வெல்வர் என்று எண்ணியவர் ஏமாந்தனர். கன்று நட்ட மறுநாளே பால்வாளியை எடுத்துச் சென்றவர் நிலைதான் அது.

ஏழாம் ஆண்டு

பொறுத்திருந்தவர்க்குப் பயன் 2018-இல் கிட்டியது. ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் நடப்பு வெற்றியாளராகிய இந்தியாவை மலேசியா எதிர்கொண்டது. ஆட்டம் இரண்டுக்கு இரண்டு எனச் சமனாயிற்று. ஆட்டக்காரரும் கோல் காவலரும் நேருக்கு நேர் மோதும் ‘ஷூட்-அவுட்’ முறையில் ஏழுக்கு ஆறு என மலேசியா வென்றது. இளையோர் அணியில் வளர்ந்த பித்ரி சாரி முதலியோர் அப்போது முதிர்ந்த ஆட்டக்காரர். 2011-இலிருந்து 2018 வரை ஏழு ஆண்டுகள். ரப்பர் மரத்தின் கணக்கு இங்கும் பொருந்தியதைக் காண்க.

அன்று கோலைக் காத்து நின்றவர் குமார் சுப்பிரமணியம். 1979-இல் மலாக்கா எல்லையை அடுத்த தம்பினில் பிறந்தவர். 1999 முதல் நாட்டுக்கு ஆடியவர். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி கண்டவர். ஜகார்த்தாவில் அவருக்கு வயது 38. தம் வாழ்நாளில் பாதியை நாட்டின் சட்டையை அணிந்தே கழித்தவர் அவர். கோல் காவலரின் திறமை காலால் மட்டும் ஆவதன்று. எதிரியின் தோளசைவைப் படிக்கும் அனுபவத்தால் ஆவது. இருபது வயதில் அவரை அளந்து, “இவ்வளவுதான்” என்று விட்டிருந்தால் அந்த அரையிறுதி நமக்கு இல்லை.

ஆயினும் கதை இனிமையாக முடியவில்லை. இறுதியாட்டத்தில் ஜப்பானுடன் ஆறுக்கு ஆறு எனச் சமனாகி, ஷூட்-அவுட்டில் மூன்றுக்கு ஒன்று எனத் தோற்றோம். வென்றிருந்தால் தோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரே நுழைந்திருக்கலாம். 2000-இல் சிட்னியில் ஆடிய பின்னர், 2024 வரை நடந்த எந்த ஒலிம்பிக்கிலும் மலேசிய ஹாக்கி அணி தோன்றவில்லை. இளையோர் வெற்றிகளைக் கொண்டாடிய நாட்டில் இந்த இடைவெளி சிந்தனைக்கு உரியதன்றோ?

கோவில்பட்டி தரும் பாடம்

தமிழகத்துக் கோவில்பட்டியைச் சிறிது நோக்குவோம். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன அச்சிற்றூர், ஹாக்கியை நெடுங்காலமாகப் பேணிவந்த ஊருமாகும். அங்கே மாநில அரசு விளையாட்டு விடுதியும் பயிற்சி மையமும் அமைத்தது. அம்மையத்தில் வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூர்க் கார்த்தி செல்வமும் 2022-இல் ஆசியக் கிண்ணத்தில் இந்திய அணிக்கு ஆடினர். 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய வாகையர் கிண்ண இறுதியில், பாதி ஆட்டத்தில் மூன்றுக்கு ஒன்று என முன்னின்ற மலேசியாவை இந்தியா நான்குக்கு மூன்று என வென்றபோது, கார்த்தியும் அவ்வணியில் இருந்தார். சிற்றூர்ப் பிள்ளையின் கையில் மட்டையைக் கொடுத்து, பின்னர் அவனைக் கைவிடாமல் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

நாம் செய்யத்தக்கது

மலாக்கா மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. விளையாட்டுப் பள்ளியின் கதவு பதின்மூன்று வயதில் திறக்கிறது. பன்னிரண்டு வயதுக்குள் மட்டையைத் தொடாத பிள்ளை அக்கதவின் முன் நிற்பது எங்ஙனம்? செயற்கைத் தளம் நம் சக்திக்கு அப்பாற்பட்டதாக இருக்கலாம். பத்து மட்டைகளும் இரண்டு பந்துகளும் அப்பாற்பட்டவையல்ல. ஜாசினிலோ மெர்லிமாவிலோ இரு பள்ளிகள் ஒன்றுசேர்ந்து வாரம் ஒருமுறை ஆடினாலும் போதும், தொடக்கமாகும்.

அதனினும் முதன்மையானது, பெயரேடு ஒன்று வைப்பது. எந்தப் பிள்ளை எந்த ஆண்டில் ஒளி காட்டினான், அடுத்த ஆண்டில் எங்குப் படித்தான், ஆட்டத்தை விட்டானா, விட்டிருந்தால் ஏன் என்று எழுதி வரவேண்டும். பேருந்துக் கட்டணம் இல்லாமல் விட்டவனும் இருப்பான். தேர்வுக்கு அஞ்சிய பெற்றோரால் நிறுத்தப்பட்டவளும் இருப்பாள். காரணம் தெரிந்தால் பாதி மருந்து கிடைத்தது போல. தோட்டத்து மண்டோர் மரங்களை வரிசை வரிசையாக அறிந்திருந்தார். எந்த மரம் வெட்டுக்கு வந்தது, எது வரவில்லை என்பது அவருக்கு மனப்பாடம். நம் பிள்ளைகளை அவ்வாறு அறிந்தவர் ஊருக்கு ஒருவராவது வேண்டாமா?

முளையைக் கண்டு மகிழ்வது எளிது. ஏழாண்டு காத்துக் களை பறிப்பது அரிது. அவ்வரிய செயலைச் செய்தே நம் பாட்டன்மார் மலாக்காக் காட்டை வளமாக்கினர். அதே பொறுமையை அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கும் நாம் அளிப்போமாக.