குப்பை மலையும் குரலற்ற ஆண்டுகளும்

எழில் நகர் என்பது அழகிய பெயர். வடசென்னையில், கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கை ஒட்டியுள்ள அக்குடியிருப்பில் வாழ்வோர், காலையில் சன்னலைத் திறக்குமுன் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று பார்க்கப் பழகியவர்கள். அவர்கள் எதிரே நிற்பது இயற்கை படைத்த குன்றன்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக மாநகரம் வாரிக் கொட்டிய கழிவு. இம்மலை எவ்வாறு எழுந்தது, அதன் அடிவாரத்து மக்களுக்கு மாநகராட்சி என்ன மறுமொழி கூறிற்று என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

1688ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை மாநகராட்சி, இந்தியாவிலேயே மிகப் பழமையானது. ஆயினும் அந்நெடிய வரலாற்றில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இன்றியே கழிந்த காலங்களும் உண்டு. 1973இல் மன்றம் கலைக்கப்பட்டது. 1996இல்தான் மீண்டும் தேர்தல் நடைபெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் அரசு அமர்த்திய அதிகாரிகளே நகரை நிருவகித்தனர். கொடுங்கையூரின் தாழ்நிலம் குப்பைக் கிடங்காக மாறியது இக்காலத்தில்தான், 1980களில். அதிகாரிகள் அனைவரும் இரக்கமற்றவர்கள் என்று நாம் கூறவில்லை. வளரும் நகருக்குக் குப்பை கொட்ட இடம் வேண்டியிருந்தது. நகரின் கழிவுநீர் சென்றுசேரும் மூலையாகவும் அப்பகுதி இருந்தது. ஆனால், "எங்கள் வாசலில் ஏன்?" என்று மன்றத்தில் எழுந்து கேட்க அம்மக்களுக்கு ஓர் உறுப்பினர் இல்லை. கேள்வி எழாத இடத்தில் குப்பை எளிதாக உயர்ந்தது.

பின்னர் சட்டங்கள் வந்தன. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம், திடக்கழிவு மேலாண்மையை நகராட்சிகளுக்குரிய பணிகளுள் ஒன்றாகக் குறித்தது. அல்மித்ரா பட்டேல் என்னும் அம்மையார் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக, 2000ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் பிறந்தன. மட்கும் குப்பையை உரமாக்க வேண்டும், எஞ்சியதை மட்டுமே நிலத்தில் புதைக்க வேண்டும், அதற்கான அமைப்புகள் 2003 டிசம்பருக்குள் உருவாக வேண்டும் என்று அவை கட்டளையிட்டன. அக்காலக்கெடு கடந்த பின்னரும் லாரிகள் கொடுங்கையூருக்கே வந்துகொண்டிருந்தன. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாற்றிடமாகக் குத்தம்பாக்கம் கருதப்பட்டது. அவ்வூர் மக்கள் எதிர்த்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஒருவர் தோளிலிருந்து இறக்கிய சுமையை மற்றொருவர் தோளில் ஏற்றுவது தீர்வாகாது அல்லவா?

குப்பை வெறுமனே கிடப்பதில்லை. உள்ளே அழுகும் பொருள்களிலிருந்து மீத்தேன் வாயு எழுகிறது. கோடையில் அது தீப்பற்றினால் புகை நாட்கணக்கில் சூழ்கிறது. மழைநீரோடு கசியும் நச்சுநீர் நிலத்தடிக்கு இறங்குகிறது. மலையே சரிவதும் உண்டு. அண்டை நாடான இலங்கையில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் அதுவே நிகழ்ந்தது. 2017 ஏப்ரல் 14 அன்று குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் மாண்டனர். அன்று புத்தாண்டு நாள். நமக்கோ அது புனித வெள்ளி. அங்கும் மக்கள் பல ஆண்டுகள் முறையிட்டிருந்தனர். அத்துயருக்குப் பின்னரே அங்குக் குப்பை கொட்டுவது நின்றது.

சென்னையில் 2016 முதல் 2022 வரை மீண்டும் மன்றம் இல்லாத ஆண்டுகள் வந்தன. 2022இல் புதிய மன்றம் அமைந்தது. 2024 முதல், 640 கோடி ரூபாய் மதிப்பில், சுமார் 252 ஏக்கரில் குவிந்துள்ள 66 லட்சம் டன் பழைய குப்பையை அகற்றும் பணி நடைபெற்று வருகிறது. பயோமைனிங் எனப்படும் இம்முறையில், பழைய குப்பையைத் தோண்டி, உலர்த்தி, சலித்து, மண்ணையும் கல்லையும் நெகிழியையும் தனித்தனியே பிரிக்கிறார்கள். மண் பள்ளம் நிரப்பப் பயன்படுகிறது. எரியக்கூடியவை சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்கின்றன. இது மாநகராட்சி ஆற்றும் நற்பணி என்பதை மனமுவந்து கூறுவோம்.

ஆனால் மலை முற்றும் கரையுமுன்னரே அவ்விடத்தில் மற்றொரு திட்டம் முளைத்தது. நாள்தோறும் 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை அது. புதிய குப்பையை எங்கே கொண்டுசெல்வது என்பது மாநகராட்சியின் கவலை. அது பொய்யான கவலையன்று. நாற்றத்தைச் சுமந்தவர்கள் இனிப் புகையையும் சுமக்க வேண்டுமா என்பது மக்களின் கேள்வி. 2025 மே மாதத்தில் அவர்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்று அக்கேள்வியை எழுப்பினர். 1980களில் கேட்கப்படாத வினா, காலம் கடந்தேனும் வீதியில் ஒலித்தது.

இவ்விடத்தில் நாம் நம்மையும் நோக்கிக் கொள்ள வேண்டும். திருவொற்றியூர் முதல் அண்ணா நகர் வரையிலான எட்டு மண்டலங்களின் குப்பை அங்கேதான் சென்று சேர்ந்தது. இராயபுரத்தில் நாம் கொண்டாடிய திருமணங்களின் எச்சில் இலைகளும், திருவிழாத் தோரணங்களும், வாழ்த்துச் சால்வைகளின் நெகிழி உறைகளும் அம்மலையில் உண்டு. மட்கும் குப்பை, உலர் குப்பை, தீங்கு தரும் குப்பை என வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று கூறின 2016ஆம் ஆண்டு விதிகள். பிரிக்காது கொடுக்கும் ஒவ்வொரு வாளியும் எழில் நகரின் திசையில் நாம் அனுப்பும் ஒரு கல்லாகும்.

மற்றொரு கடமையும் உண்டு. ஒவ்வொரு வட்டத்திலும் மக்கள் கூடிப் பேசுவதற்கெனப் பகுதி சபைகளை அமைக்க 2022இல் தமிழக அரசு வழிவகுத்தது. குரலற்ற ஆண்டுகளின் விலை என்னவென்று கண்டுவிட்ட நாம், அந்நாற்காலிகளைக் காலியாக விடலாமா? நம் தெருவின் சாக்கடைக்காக மட்டும் அங்குச் செல்லாமல், நம் குப்பை சென்று விழும் தெருவுக்காகவும் செல்வோம். அடுத்த முறை வாளியை வாசலில் வைக்கும்போது, அதன் மறுமுனையில் சன்னலைத் திறக்கத் தயங்கி நிற்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். நம் அயலார் அவரே.