மெருகும் மெழுகும்

கோவை–கரூர் நெடுஞ்சாலையும் திருப்பூர்–தாராபுரம் சாலையும் சந்திக்கும் ஊர் அவிநாசிபாளையம். இத்தகைய சாலைச் சந்திப்புகளில் வண்டி கழுவும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. காரைக் கொண்டுபோய் நிறுத்தினால், "பாலிஷ் போடவா, வாக்ஸ் போடவா?" என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணிப் பலர் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகின்றனர்.

இவை ஒன்றுக்கொன்று நேர் எதிரான வேலைகள். தமிழில் சொல்லிப் பார்த்தால் உடனே விளங்கும். பாலிஷ் என்பது மெருகு. வாக்ஸ் என்பது மெழுகு. நகையைத் தேய்த்து மெருகேற்றும்போது இம்மியளவு பொன் தேய்ந்து போகிறது. சாணம் கரைத்துத் தரையை மெழுகும்போது தரையின்மேல் புதிய படலம் ஒன்று ஏறுகிறது. மெருகு எடுக்கும், மெழுகு சேர்க்கும். எதை எப்போது செய்யலாம் என்பதை வண்டியின் பூச்சுதான் தீர்மானிக்கிறது. அந்தப் பூச்சின் வரலாற்றில் நம் பருத்திக்கும் பெரும் பங்குண்டு.

மோட்டார் வண்டி வந்த புதிதில் அதற்குக் குதிரை வண்டியின் பூச்சே கிடைத்தது. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டி கட்டிப் பெயர் பெற்றது. 1903இல் அங்கேயே ஒரு நீராவிக் காரும் உருவாயிற்று. அக்கால வார்னிஷ், ஆளிவிதை எண்ணெயும் பிசினும் சேர்ந்தது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல மெல்ல இறுகும். ஒரு கை பூசி, உலரவிட்டு, தேய்த்து, மறு கை பூசி என்று ஒரு வண்டி முடியப் பல வாரங்கள் ஆகும். போர்டு தமது 'டி' மாடல் கார்களை 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றார். சூளையில் வைத்துச் சுட்ட அந்தக் கறுப்புப் பூச்சு மலிவாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருந்தது.

இந்த இடத்தில்தான் பருத்தி நுழைகிறது. 1846இல் பாசல் நகரில் ஷோன்பைன் என்ற வேதியியலார், பருத்தியை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் தோய்த்தால் அது வெடிபொருளாகிவிடுவதைக் கண்டார். (சமையலறையில் கொட்டிய அமிலத்தை மனைவியின் பருத்தி மேலாடையால் துடைத்து அடுப்பருகே உலர்த்தியபோது அது 'குப்'பென்று எரிந்து மறைந்தது என்பது கதை. கதைதான், ஆனாலும் வேதியியலுக்குப் பொருந்தும் கதை.) இதுவே நைட்ரோசெல்லுலோஸ். முதல் உலகப் போரில் வெடிமருந்துக்காக இது மலைமலையாக உற்பத்தியாயிற்று. போர் முடிந்தபின் என்ன செய்வது? அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனம் அதைக் கரைப்பானில் கரைத்து, நிறமி சேர்த்து, 1923இல் 'டியூகோ' என்ற பூச்சாக்கியது. 1924ஆம் ஆண்டு மாடலான ஓக்லண்டு கார்கள் இதன் நீல நிறத்தில் வெளிவந்தன. வாரக்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிந்தது. நம் பட்டறைகளில் டிங்கர் வேலை முடிந்து, பட்டி வைத்து, வாட்டர் பேப்பர் போட்டபின் "டூகோ அடிக்கணும்" என்கிறார்களே, அந்தச் சொல் இங்கிருந்து வந்ததே.

டியூகோவுக்கு ஒரு குறை இருந்தது. அடித்தவுடன் முழுப் பளபளப்பு வராது. ரப்பிங் காம்பவுண்டு என்னும் நுண்தூள் குழம்பால் தேய்த்தே வரவழைக்க வேண்டும். வெயில் பட்டுச் சில மாதங்களில் மேற்பரப்பு சுண்ணாம்புபோல் வெளிறும். மறுபடி தேய்க்க வேண்டும். பூச்சு முழுவதும் ஒரே நிறமாக இருந்ததால் தேய்த்த இடத்தில் அதே நிறம் புதிதாகத் தலைகாட்டியது. தேய்ப்பதே பராமரிப்பு என்ற பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

தேய்த்த பரப்பைக் காக்க மெழுகு தேவைப்பட்டது. தேன்மெழுகு சுமார் 63 டிகிரி செல்சியஸில் உருகும். சித்திரை வெயிலில் சுடும் இரும்புத் தகட்டின்மேல் அது இளகிப் பிசுபிசுக்கும். பிரேசிலின் வறண்ட வடகிழக்குப் பகுதியில் வளரும் கார்னோபா பனையின் மெழுகோ 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். இலையின் ஈரம் வெயிலில் போய்விடாதிருக்க அந்த மரம் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. ஓலையை வெட்டி உலர்த்தி அடித்தால் தூளாக உதிரும். இந்தப் பனை போதுமான அளவு இருக்கிறதா என்று நேரில் பார்க்க, ஜான்சன் மெழுகு நிறுவனத்தின் தலைவர் 1935இல் விஸ்கான்சினிலிருந்து ஒரு சிறு நீர்நில விமானத்தில் பிரேசில் வரை பறந்தார்!

திருப்பூர் வாசகருக்கு மெழுகின் வேலை புதிதன்று. பின்னலாடை நூலைக் கோனில் சுற்றும்போது அது ஒரு பாரபின் மெழுகு வில்லையை உரசிக்கொண்டே ஓடும்; அந்த மெல்லிய பூச்சால் நூல் ஊசிகளில் சிக்காமல் வழுக்கிச் செல்கிறது. சாயம் ஏற்றுமுன் அந்த மெழுகைப் போக்காவிட்டால் துணியில் திட்டுத் திட்டாகச் சாயம் பிடிக்கும். காரும் அப்படியே. இக்கால பாலிஷ்கள் பலவற்றில் சிலிகோன் எண்ணெய் உண்டு. அதை முற்றும் துடைக்காமல் மறுபூச்சு அடித்தால் பெயிண்ட் ஒட்டாமல் குழிகுழியாக விலகும்.

1980களில் உலகக் கார்த் தொழிலில் பெரிய மாற்றம் பரவியது. நிறப்பூச்சு அடியில், அதன்மேல் நிறமற்ற 'கிளியர் கோட்'. பளபளப்பும் வெயிலைத் தாங்கும் சக்தியும் இந்த மேற்படலத்தில்தான் உள்ளன. இதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான்; நம் தலைமயிரைவிட மெல்லியது! ஆனால் அம்பாசிடர் காலத்துக் கைப்பழக்கம் போகவில்லை. ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு மெஷினில் காம்பவுண்டு போட்டுத் தேய்க்கிறார்கள். அன்று கார் மின்னும். சில ஆண்டுகளில் விளிம்புகளிலும் மேற்கூரையிலும் படலம் தேய்ந்து வெள்ளைத் திட்டு தோன்றும். அதற்கு மருந்து கிடையாது. திரும்பப் பெயிண்ட் அடிப்பதுதான் வழி. கீறலோ மங்கலோ கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும், மிக நுண்ணிய பாலிஷை அந்த இடத்தில் அளவோடு போடலாம். மற்றபடி கழுவி மெழுகு போட்டாலே போதும்.

உங்கள் வண்டி எந்த வகை? வெள்ளைப் பனியன் துணியில் சிறிது பாலிஷ் தொட்டு, மறைவான ஓரிடத்தில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் பழைய ஒற்றைப் பூச்சு. ஏறாவிட்டால் பெரும்பாலும் கிளியர் கோட். திருப்பூரின் கட்டிங் வேஸ்ட் துணி இதற்கு மிக நல்லது. தையல் உள்ள துண்டை மட்டும் விலக்கிவிடுங்கள். அந்தத் தையல் கீறும்.

இனிக் கார்பன் இழை. 1879இல் எடிசன் தம் மின்விளக்கில் கருக்கிய பருத்தி நூலைத்தான் இழையாக வைத்தார். இங்கும் முன்னோடி பருத்தியே. இன்றைய வலிய இழை பெரும்பாலும் பாலிஅக்ரிலோநைட்ரைலைக் கருக்கிச் செய்யப்படுகிறது. அக்ரிலிக் ஸ்வெட்டர் நூலின் உடன்பிறப்பு அது. 1981இல் மெக்லாரன் நிறுவனம் பார்முலா 1 பந்தயக் காரின் உடற்கூட்டையே இதனால் செய்தது.

கார்பன் இழை வெயிலுக்கு அஞ்சாது. அதைப் பிணைக்கும் எபாக்சி பிசின் அஞ்சும். புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளித்து வெளிறும். ஆகவே அதன்மேலும் கிளியர் கோட் அடிக்கிறார்கள். நம் கை படுவது இழைமீதன்று, அந்தப் படலத்தின்மீதே. எனவே காருக்குச் சொன்னதே இதற்கும் பொருந்தும். ஆனால் இங்கே படலம் தேய்ந்துவிட்டால் வெயில் நேரே பிசினைத் தாக்கும். மெழுகு மட்டும் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும் என்று நம்பவும் கூடாது. பளபளப்பில்லாத 'மேட்' பரப்பில் பாலிஷ் போடவே கூடாது. தேய்த்த இடம் மட்டும் மினுங்கி அசிங்கமாகும்.

சாலையில் காணும் கார்பன் பாகங்களில் பல உண்மையில் பின்னல் கோலம் அச்சிட்ட ஸ்டிக்கர்கள். ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவற்றின்மேல் காம்பவுண்டு பட்டால் கோலமே அழிந்துபோகும்.