புழுங்கல் அரிசி காப்பாற்றிய நரம்புகள்

நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் நரம்பை அழிக்கும் ஒரு நோய் பரவலாக இருந்தது. கால் மரத்துப்போகும், பாதம் தொங்கும், நடை தள்ளாடும். சிலருக்கு உடல் வீங்கி இதயமே நின்றுபோகும். பெரிபெரி என்று பெயர். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களை அது ஆயிரக்கணக்கில் கொன்றது. அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தோட்டத் தமிழர்களை மட்டும் பெரும்பாலும் தொடவில்லை.

இதைக் கவனித்தவர்களில் ஒருவர் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியோனார்ட் பிராடன். 1907இல் வந்த அவருடைய நூலின் மையம் சோறுதான். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய சியாம் வெள்ளை அரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை அவ்வப்போது குத்திச் சமைத்தார்கள். தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி, அதாவது நெல்லை உமியோடு ஊறவைத்து, அவித்து, காயவைத்து, பிறகு குத்தியது. வெள்ளை அரிசி பழசாகும்போது அதில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று பிராடன் நினைத்தார். அந்த விளக்கம் தவறு. ஆனால் அவர் தேடிய இடம் சரி.

அதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெட்சர். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் 1905இல் பெரிபெரி பரவியிருந்தது. அவர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்காரர்கள் இன்னொரு பக்கம். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. கட்டடத்தில்தான் கோளாறோ என்ற சந்தேகம் வரக்கூடாதென்று நடுவில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார். முடிவில் வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் பெரிபெரியால் ஒருவர்கூடச் சாகவில்லை.

கொஞ்ச நாளில் ஹென்றி ஃபிரேசரும் ஏ. டி. ஸ்டான்டனும் ஜெலுபுவில் சாலை போடவந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே செய்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கல். நோய் வந்ததும் அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். 1909இல் அவர்களுடைய ஆய்வு வெளியானது. கெடா சியாமின் கையிலிருந்து பிரிட்டிஷ்காரர்களிடம் வந்ததும் அதே ஆண்டுதான்.

விளக்கம் பின்னால் வந்தது. தவிட்டில் தயமின் என்னும் வைட்டமின் பி1 இருக்கிறது. தீட்டும்போது அது போய்விடும். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடும். 1926இல் பட்டாவியாவில் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அந்த வேதியியல் எதுவும் தெரியாமலே நம் ஆட்கள் ஊரில் பழகிய சோற்றையே இங்கும் கேட்டுச் சாப்பிட்டார்கள். 1942க்குப் பிறகு அரிசிக் கப்பல்கள் நின்றன, லயங்களில் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. கெடாவிலிருந்தும் தமிழர்களைச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கிடைத்த வெள்ளை அரிசிச் சோற்றில் அவர்களுக்கும் பெரிபெரி வந்தது. எந்த இனத்துக்கும் தனிப் பாதுகாப்பு இருந்ததில்லை.

நான் இதையெல்லாம் தேடிப் படிக்கக் காரணம் உண்டு. மூன்று வருடங்களுக்கு முன் எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று உறுதியானது. உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் நோய். மின்கம்பியின் ரப்பர் உறை பிய்ந்துபோவதுபோல. சுங்கைப் பட்டாணி வெயிலில் பத்து நிமிடம் நின்றால் எனக்கு வலது கண் மங்கும். நிழலுக்கு வந்தால் சரியாகிவிடும். மலேசியாவில் இது அரிது. அதனால் கேட்பவர்களுக்குப் பெயர் பிடிபடாது. ஆனால் வைத்தியம் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

“பால நிறுத்து, கோதுமைய நிறுத்து, எல்லாம் சாப்பாட்டுலதான்யா இருக்கு,” என்கிறார் அத்தை. உறவினர் ஒருவர் ஊசியையே நிறுத்தச் சொன்னார். பீடோங் பக்கத் தோட்டத்தில் வளர்ந்த பாட்டி, “வெள்ள அரிசி திங்க ஆரம்பிச்சப்புறந்தான் இவ்ளோ சீக்கு,” என்பார். பாட்டி சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. இந்த மண்ணில் ஒரு நரம்பு நோய் உண்மையிலேயே சோற்றால் வந்தது, சோற்றால் போனது.

என் நோய்க்கும் அப்படியொரு உணவு வரலாறு இருக்கிறது. ராய் ஸ்வாங்க் என்ற நரம்பியல் மருத்துவர், நார்வேயில் மீன்பிடிக்கும் கடலோரத்தைவிடப் பால்பண்ணைகள் நிறைந்த உள்நாட்டில் இந்த நோய் அதிகம் என்று 1952இல் எழுதினார். நிறைகொழுப்பை மிகவும் குறைத்த உணவை நோயாளிகளுக்குக் கொடுத்தார். 144 பேரை 34 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1990இல் முடிவை வெளியிட்டார். உணவைக் கடைப்பிடித்தவர்கள் நன்றாக இருந்தார்களாம்.

எண்களைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அவர் ஆய்வில் ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லை. உடல் நன்றாக இருப்பவர்தான் கட்டுப்பாட்டைத் தொடர்வார். மோசமானவர் சோர்ந்துபோய்க் கைவிடுவார். அப்படியானால் எது காரணம், எது விளைவு? தவிரவும் இந்த நோய் பலருக்குத் தானாகவே தணிந்து, பிறகு திரும்பும். மிக மோசமான வாரத்தில் உணவை மாற்றுகிற எவருக்கும் அடுத்த மாதம் அந்த உணவே மருந்தாகத் தெரியும். பிளெட்சரின் காப்பகத்தில் இந்த மயக்கத்துக்கு இடமில்லை. இன்னொரு பக்கம் இருந்தது. அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க வாய்ப்பில்லை. நமக்கு அவர்கள் வெறும் எண்ணாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் உயிர்கொடுத்த அறிவை நான் அலட்சியப்படுத்த முடியாது.

2022இல் அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவது தெரிந்தது. பெரிபெரிபோல ஒரே ஒரு சத்தின் குறையல்ல இது. அதற்காக உணவை ஒதுக்கிவிடவும் முடியாது. வைட்டமின் பி12 குறைந்தால் இதே மாதிரி அறிகுறிகள் வரும், அதனால்தான் மருத்துவர் முதலில் ரத்தத்தில் அதைப் பார்த்தார். வைட்டமின் டி குறைவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறது.

இப்போது பால்டின் ஊற்றிய தே தாரிக் வாரத்துக்கு ஒன்று. சந்தான் குறைத்தாயிற்று, மீன் கூடியிருக்கிறது. வீட்டில் புழுங்கல் அரிசி வாங்குகிறோம், அது பாட்டிக்காக. உடம்பு லேசாக இருக்கிறது, அது எனக்குப் போதும். ஊசியை நிறுத்தவில்லை. அத்தை புதிதாக ஏதாவது உணவைச் சொல்லும்போது, “அத சாப்பிடாதவங்களுக்கு என்ன ஆச்சு அத்தை?” என்று கேட்கிறேன். அவர் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.