நேபாளம் – பொலிவியா: வாழ்க்கைத் தரமும் பண்பாடும்

ஆசியாவின் நேபாளமும் தென் அமெரிக்காவின் பொலிவியாவும் கடற்கரையற்ற மலைநாடுகள். உலக வங்கியின் வகைப்பாட்டில் இரண்டும் கீழ்நடுத்தர வருமான நாடுகள்.

வாழ்க்கைத் தரம்: தனிநபர் வருமானத்தில் பொலிவியா நேபாளத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல். மனித வளர்ச்சிக் குறியீட்டில் பொலிவியா உயர் பிரிவிலும் நேபாளம் நடுத்தரப் பிரிவிலும் உள்ளன. எனினும் வருமானம் மட்டுமே சரியான அளவுகோல் அன்று. சராசரி ஆயுளில் நேபாளம் பின்தங்கவில்லை. பொலிவியா இயற்கை எரிவாயுவையும் கனிமங்களையும் விற்கிறது. நேபாளத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ கால் பங்குக்கு இணையான தொகை, வளைகுடா நாடுகள், மலேசியா, இந்தியா முதலிய இடங்களில் உழைப்போர் அனுப்பும் பணமாக வருகிறது.

பண்பாடு: நேபாளத்தில் இந்துக்கள் பெரும்பான்மையினர், 2021 கணக்கெடுப்பு 124 தாய்மொழிகளைப் பதிவு செய்தது. பொலிவியாவின் 2009 அரசியலமைப்பு ஸ்பானிய மொழியுடன் 36 பழங்குடி மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. கத்தோலிக்கம் ஓங்கிய அங்கு பூமித்தாய் பச்சமாமாவுக்கும் படையல் உண்டு. உணவைப் பதப்படுத்துவதில் இரு நாடுகளும் தேர்ந்தவை. பொலிவியாவின் ஆண்டிஸ் மலை உழவர்கள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்துவர். சூனியோ எனப்படும் இந்த உலர்கிழங்கு பல ஆண்டுகள் கெடாது. நேபாளியர் கீரையைப் புளிக்கவைத்து உலர்த்திக் குந்துருக் செய்வர்.

கடல்வழி: நேபாளம் பெரிதும் கொல்கத்தா துறைமுகத்தை நம்பியுள்ளது, 2015இல் இந்திய எல்லைப் போக்குவரத்து முடங்கியபோது எரிபொருளுக்குக் கடும் தட்டுப்பாடு நேர்ந்தது. 1879இல் தொடங்கிய பசிபிக் போரில் பொலிவியா தன் கடற்கரையைச் சிலியிடம் இழந்தது. பொலிவியாவுக்குக் கடல்வழி தருவது குறித்துப் பேச்சு நடத்தச் சிலி கடமைப்பட்டிருக்கவில்லை என 2018இல் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொலிவியக் கடற்படை இன்றும் டிட்டிகாக்கா ஏரியில் இயங்குகிறது.